சிரோசிஸ், பிளேட்லெட் 48,000: பல் பிடுங்கும் முன் ஏற்றித்தான் ஆகணுமா?

#1 பல்வரிசை (பல் மருத்துவம்)

பல் கிளினிக்குகளுக்கு அடிக்கடி வரும் ஒரு சீட்டை வைத்துப் பேசலாம் என்றுதான் இந்த இழை. வயது 52, ஹெபடைடிஸ் பி-யால் வந்த சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்), சைல்டு ஏ நிலை (மூன்று நிலைகளில் லேசானது). பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) 48,000, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) 1.5. வயிற்றில் நீர் இல்லை. கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் ஆடுகின்றன, ஈறில் சீழ் வேறு. பொது மருத்துவர் எழுதி அனுப்புவது ஒரே வரி: "பிளேட்லெட்டை 50,000-க்கு மேல் கொண்டுவந்தபின் பிடுங்கவும்." வீட்டார் ஆறு யூனிட்டுக்கு ஆள் தேடி அலைவார்கள்.

ஏற்றுவது அவசியமா? இல்லை என்றால் நாற்காலியில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்? எண்ணோடும் அளவோடும் சொல்லுங்கள். "மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்" என்ற பதில் வேண்டாம், கேட்பதே மருத்துவர்தான்.

#2 ஸ்லைடுகாரன் (ஆய்வகம்)

முதலில் அந்த 48,000 நிஜமா என்று பாருங்கள் டாக்டர்.

ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள்) சிலருடைய ரத்தத்தில் பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். மெஷின் ஒரு கொத்தை ஒரு பிளேட்லெட்டாக எண்ணும், அல்லது வெள்ளணு என்று நினைத்துவிடும். ரத்தம் எடுக்கச் சிரமப்பட்டு ஊசி உள்ளே வெளியே போய்வந்த சாம்பிளிலும் இதே கதை. ஸ்லைடு போட்டால் இரண்டே நிமிடத்தில் தெரியும். ஸ்லைடில் தேய்த்த ரத்தப் படலமான ஸ்மியரின் ஓரத்தையும் வால் முனையையும் முதலில் பாருங்கள், கொத்துகள் அங்கேதான் போய் ஒதுங்கும். கொத்து இருந்தால் நீல மூடி சிட்ரேட் குழாயில் புதிதாக எடுத்து உடனே ஓட்டி, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். குழாயில் ஏற்கெனவே இருக்கும் சிட்ரேட் திரவத்துக்கான கணக்கு அது. இந்தப் பெருக்கலை மறந்துவிட்டு ரிப்போர்ட் கொடுக்கும் லேப் நிறைய.

கொத்து இல்லை என்றால் கண்ணால் ஒரு மதிப்பீடு செய்யலாம். மைக்ரோஸ்கோப்பின் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில், சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத இடத்தில் பத்துப் புலம் (லென்ஸில் ஒரு தடவை தெரியும் வட்டம்) எண்ணிச் சராசரி எடுங்கள். அதை 15,000-லிருந்து 20,000 வரையான எண்ணால் பெருக்குங்கள். புலத்துக்கு 3 என்றால் 45,000 முதல் 60,000. மெஷின் 48,000 என்றால் பொருந்துகிறது. புலத்துக்கு 9 தெரிந்தால் மெஷின் பொய் சொல்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் ரொம்பச் சிறுத்துப்போனால் மெஷின் அவற்றையும் பிளேட்லெட் கணக்கில் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். வேரிசஸிலிருந்து (உணவுக்குழாயில் புடைத்த சிரைகள்) கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போகிறவர்களிடம் இது நடக்கும்.

இன்னொன்று. இந்த அளவில் ஒரே குழாயை இரண்டு தடவை ஓட்டினாலே இரண்டு மூன்றாயிரம் வித்தியாசம் வருவது சகஜம். 48,000-க்கு "ஆகாது", 51,000-க்கு "சரி" என்று கோடு போடுவது மெஷினுக்குத் தெரியாத நுணுக்கம்.

#3 ஈரல்வார்டு (கல்லீரல் மருத்துவம்)

ஸ்லைடுகாரன் சொன்னது முழுக்கச் சரி. எண் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம்.

சிரோசிஸில் பிளேட்லெட் ஏன் குறைகிறது? பெரிய காரணம் மண்ணீரல். நல்ல உடம்பிலேயே மொத்தப் பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் இருக்கும். கல்லீரல் இறுகி, குடலிலிருந்து அதற்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறினால் மண்ணீரல் வீங்கும், தேங்கும் பங்கு 90 சதவீதம் வரைகூடப் போகும். அதாவது பிளேட்லெட் அழிந்து போகவில்லை, பெரும்பகுதி கிடங்கில் கிடக்கிறது. இரண்டாவது காரணம் உற்பத்தி. பிளேட்லெட் செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் திரோம்போபொயட்டின் என்ற ஹார்மோன் முக்கியமாகக் கல்லீரலில்தான் சுரக்கிறது. 1994-இல்தான் இதைப் பிரித்தெடுத்தார்கள். கல்லீரல் நலிந்தால் உத்தரவும் நலியும். இவற்றோடு மது நேரடியாக மஜ்ஜையை அமுக்கும், ஹெபடைடிஸ் சி வைரஸும் அமுக்கும், ஃபோலேட் குறைவு சேர்ந்துகொள்ளும். குடியை நிறுத்திய ஒன்றிரண்டு வாரத்தில் எண்ணிக்கை தானாக ஏறினால், இறங்கியதில் மதுவின் பங்கு அவ்வளவு என்று அர்த்தம்.

இப்போது முக்கியமான இடம். டெங்குக் காலம் நமக்கெல்லாம் ஒரு பயத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டது: எண் இறங்கினால் ரத்தம் கசியும், ஏற்று. அந்தப் பயம் டெங்குவிலேயே முழுக்கச் சரியில்லை. ரத்தக்கசிவு இல்லாதவரைக்கும் 10,000-க்குக் கீழ் போனால்தான் ஏற்றுவது பற்றி யோசிக்கச் சொல்கிறது நம் தேசிய டெங்கு வழிகாட்டி. சிரோசிஸில் விஷயம் இன்னும் வேறு. பிளேட்லெட் குறைகிறது, ஆனால் அதை இழுத்துப் பிடித்து ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி கூடுகிறது, அதை வெட்டும் நொதி குறைகிறது. உறையும் காரணிகள் குறைகின்றன, உறையாமல் தடுக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்திராம்பின் ஆகியவையும் கூடவே குறைகின்றன. உறையும் காரணிகளில் 8-ஆவது ஏறுகிறது. தராசின் இரண்டு தட்டும் சேர்ந்து இறங்கிய நிலை. ஐஎன்ஆர் அளப்பது ஒரு தட்டை மட்டும்தான். அதனால் இந்த நோயாளியின் ஐஎன்ஆர் 1.5-ஐ ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவரின் 1.5 போலப் படிக்கக் கூடாது. அதைச் சரிசெய்கிறேன் என்று பிளாஸ்மா ஏற்றுவது சுத்த வீண், அளவு ஏற ஏறப் போர்ட்டல் அழுத்தமும் ஏறும்.

#4 கேள்விக்குறி_ராணி (செவிலியர்)

> தராசின் இரண்டு தட்டும் சேர்ந்து இறங்கிய நிலை

அப்படியானால் சிரோசிஸ்காரர்கள் ரத்த வாந்தி எடுப்பது எதனால் சார்?

#5 ஈரல்வார்டு

அழுத்தத்தால். உணவுக்குழாய் வேரிசஸ் வெடிப்பது குழாயில் அழுத்தம் தாங்காமல்தான், பிளேட்லெட் குறைந்ததால் இல்லை. போர்ட்டல் அழுத்த வித்தியாசம் 10 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் வேரிசஸ் உருவாகும், 12-ஐத் தாண்டினால் வெடிக்கும் அபாயம். வெடித்த நேரத்தில் செய்ய வேண்டியவை போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்க டெர்லிபிரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு, தொற்றைத் தடுக்கச் செஃப்ட்ரியாக்சோன் தினம் 1 கிராம், 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபியில் பேண்டு போடுவது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் போனால் ரத்தம் ஏற்றி 7-8-இல் நிறுத்துவது. 10-க்குக் கொண்டுபோனால் அழுத்தம் கூடி மறுபடி வெடிக்கும். உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை ஊசியாகப் போடாதீர்கள். ஹால்ட்-இட் ஆய்வு 2020-இல் வந்தது: இரைப்பை, குடல் ரத்தப்போக்கில் பலன் இல்லை, சிரைகளில் உறைகட்டி கூடியது.

தராசு சமமாக இருக்கிறது என்றால் கல்லில் செதுக்கியது போல என்று நினைக்க வேண்டாம். கிருமித்தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு இரண்டும் அதைச் சாய்த்துவிடும். இந்த நோயாளியின் ஈறில் சீழ் இருக்கிறது பாருங்கள், 48,000-ஐவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது.

#6 இரவுப்பணி (ரத்த வங்கி)

ஆறு யூனிட் என்று எழுதிக் கொடுப்பவர்கள் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்தால் நல்லது.

சாதாரண ஆர்டிபி (ஒருவர் கொடுத்த ரத்தப் பையிலிருந்து பிரித்த பிளேட்லெட்) ஒரு பை 50-லிருந்து 70 மி.லி. மண்ணீரல் ஒழுங்காக இருக்கும் பெரியவருக்கு ஒரு பை 5,000 முதல் 10,000 ஏற்றும். எஸ்டிபி என்பது ஒரே கொடையாளரிடமிருந்து மெஷினில் பிரித்தெடுப்பது, 200-300 மி.லி., 30,000 முதல் 60,000 ஏற்றும். ஆறு ஆர்டிபி கிட்டத்தட்ட ஒரு எஸ்டிபிக்குச் சமம், ஆனால் ஆறு ஆளின் ரத்தம். இந்தக் கணக்கெல்லாம் மண்ணீரல் சும்மா இருந்தால்தான். வீங்கிய மண்ணீரல் உள்ளவருக்கு முழு டோஸ் ஏற்றியும் 10,000-15,000 ஏறாத ஆட்கள் நிறைய. போட்டது நேராகக் கிடங்குக்குப் போய்விடும். ஏறியதும் ஓரிரு நாளில் இறங்கிவிடும்.

அதனால், ஏற்றியே ஆகவேண்டிய ஆளாக இருந்தால் நேரம்தான் எல்லாம். முந்தின நாள் மாலை ஏற்றிவிட்டு மறுநாள் பத்து மணிக்குக் கத்தி வைப்பது காசைக் கரியாக்குவது. அரை மணியில் ஓடி முடியும்படி போட்டு, முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். ஏறியதா என்று பார்க்க, பை முடிந்த 10 நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குள் எண்ணிக்கை எடுக்க வேண்டும்.

நான் தலையில் அடித்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. பிளேட்லெட் பையை வாங்கிக்கொண்டு போகிறவர் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார், வார்டில் ஃபிரிட்ஜில் வைப்பார்கள். சிவப்பணுப் பைக்குத்தான் குளிர் வேண்டும். பிளேட்லெட் 20-24 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் இருக்க வேண்டியது, ஆயுள் 5 நாள். குளிர்ந்துவிட்டால் உருவம் மாறிப்போகும், உடம்பில் ஏறிய சில மணியில் கல்லீரலே பிடித்து விழுங்கிவிடும். அறை வெப்பத்தில் இருப்பதால் பாக்டீரியா வளரும் வாய்ப்பு மற்ற எல்லாப் பைகளையும்விட இதில் அதிகம். எனவே வாங்கியதும் போட வேண்டும். ஏற்றும்போது குளிர்நடுக்கம் வந்தால் "பழக்கம்தான்" என்று விடாமல் நிறுத்திப் பாருங்கள்.

திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டவர் உடம்பில் மற்றவரின் பிளேட்லெட்டைத் தாக்கும் எச்எல்ஏ எதிர்ப்புப் புரதம் உருவாகும். அடுத்த தடவை எவ்வளவு போட்டாலும் ஏறாது. நாளை கல்லீரல் மாற்று அறுவைக்குப் போக வேண்டிய ஆளாக இருந்தால், இன்று பல்லுக்காகப் போட்ட ஆறு பை அன்று வந்து கழுத்தைப் பிடிக்கும்.

#7 பல்வரிசை

எல்லாம் சரி. நாளைக்கு வீட்டுக்குப் போய் ரத்தம் நிற்கவில்லை என்றால் வழக்கு என் மீதுதான் வரும். "50,000" என்று எங்கேயாவது அச்சில் இருக்கும், வக்கீல் அதைத்தான் நீட்டுவார்.

#8 ஈரல்வார்டு

நியாயமான பயம். அச்சில் இருப்பதையே பார்ப்போம். ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2022 வழிகாட்டி இரண்டு கேள்வி கேட்கிறது: எண் என்ன, ரத்தம் கசிந்தால் அந்த இடத்திலேயே அமுக்கி நிறுத்த முடியுமா? 50,000-க்கு மேல் என்றாலோ, இடத்திலேயே நிறுத்த முடியும் என்றாலோ, பிளேட்லெட் ஏற்றுவதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டாவது "என்றாலோ"வைக் கவனியுங்கள். பல் குழி விரல் எட்டும் இடம், பஞ்சு வைக்கலாம், தையல் போடலாம். இடத்தில் நிறுத்த முடியாத, அபாயம் கூடிய வேலைகளில்கூட 20,000-50,000 என்றால் வழக்கமாக ஏற்றாமல் ஆளைப் பார்த்து முடிவு, 20,000-க்குக் கீழ்தான் ஏற்றுவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது.

அமெரிக்க இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி சங்கத்தின் 2019 அறிக்கையில், நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளுக்கென்றே தனி எல்லை இருக்கிறது: அபாயம் குறைந்த வேலைக்கு 20,000, கூடியதற்கு 30,000, ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறையத் தேவையான புரதம்) 100 மி.கி.க்கு மேல், ஐஎன்ஆர் 2.5-க்குள். அதே ஆண்டு அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கத்தின் குறிப்பில் 50,000 இருக்கிறது என்பதும் உண்மை. அங்கேயும் பேச்சு அபாயம் கூடிய வேலைகளைப் பற்றித்தான்.

கோப்பில் எழுத வேண்டியது: எண்ணிக்கை, ஃபைப்ரினோஜன், கல்லீரல் மருத்துவரின் குறிப்பு, இடத்தில் ரத்தம் நிறுத்த எடுத்த ஏற்பாடுகள், இரவு அழைக்க வேண்டிய எண். "பிளேட்லெட் ஏற்றப்பட்டது" என்ற ஒற்றை வரியைவிட இது பலமான காகிதம்.

#9 தாடைத்தையல் (வாய் முகத்தாடை அறுவை)

இனி என் ஏரியா. வரிசையாகச் சொல்கிறேன்.

நாள்: வாரத் தொடக்கம், காலை நேரம். பிடுங்கிய குழி பெரும்பாலும் கசிவது அன்று மாலையும் இரவும்தான், சனிக்கிழமை மாலை பிடுங்கினால் ஞாயிறு முழுக்க ஆள் கிடைக்காது. இரண்டு பல்லும் பக்கத்துப் பக்கத்தில் என்றால் ஒரே அமர்வில் எடுக்கலாம். எதிரெதிர்ப் பக்கம் என்றால் ஒன்றை எடுத்து, எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு மற்றது.

மரப்பு ஊசி: கீழ்க்கடைவாய்க்கு வழக்கமாக நரம்புத் தடை ஊசி போடுவோம். ஊசி ஆழத்தில் போகும், உள்ளே ரத்தம் கட்டினால் வெளியிலிருந்து அமுக்க முடியாது, தொண்டைப்பக்கம் பரவும். ஆகவே ஆர்ட்டிகெய்ன் 4 சதவீதம் கன்னப்பக்கம் ஊடுருவலாக, கூடவே பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் போடும் ஊசி. ஆடுகிற பல்லுக்கு இது தாராளம். லிக்னோகெய்ன் முழுக்க முழுக்கக் கல்லீரலை நம்பிக் கரைவது, ஆர்ட்டிகெய்ன் பெரும்பாலும் ரத்தத்திலேயே உடைந்துவிடும். அதுவும் ஒரு லாபம்.

பிடுங்குதல்: எலும்பின் மேல் உறையான பெரியோஸ்டியத்தைத் தேவையில்லாமல் தூக்காதீர்கள். குழியில் இருக்கும் சதை வளர்ச்சியை முழுக்கச் சுரண்டி எடுங்கள். பிற்பாடு கசிவதில் பாதி இந்த மிச்சம் வைத்த வீங்கிய திசுவிலிருந்துதான், பிளேட்லெட் பாவம் பழி சுமக்கும்.

குழிக்குள் ஜெலட்டின் ஸ்பாஞ்ச் அல்லது ஆக்சிடைஸ்டு செல்லுலோஸ், திணிக்காமல் தளர்வாக. மேலே 3-0 தையல், எட்டு வடிவில், ஈறு ஓரங்கள் நெருங்கும்படி. டிரானெக்சாமிக் அமில ஊசி மருந்தில் நனைத்த காஸை 30 நிமிடம் கடிக்க வைக்கவும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, பார்த்த ஒவ்வொரு தடவையும் உறைந்ததைப் பிய்த்தெடுக்கிறீர்கள். ஒரு மணி நேரம் கிளினிக்கில் உட்கார வைத்துவிட்டு அனுப்புங்கள்.

வாய் கொப்பளிப்பு: 5 சதவீத டிரானெக்சாமிக் கரைசல் 10 மி.லி., இரண்டு நிமிடம் வாயில் வைத்திருந்து துப்புவது, நாளுக்கு 4 தடவை, 2 முதல் 5 நாள். ரெடிமேடாகக் கிடைக்காத ஊரில், 5 மி.லி.யில் 500 மி.கி. உள்ள ஊசிக் குப்பியை அதே 5 மி.லி. ஆறவைத்த நீரோடு கலந்தால் சரியாக 10 மி.லி., 5 சதவீதம். பலமாகக் கொப்பளிக்கக் கூடாது, வாயில் அப்படியே வைத்திருந்தால் போதும். ஈரல்வார்டு சொன்ன எச்சரிக்கை ஊசியாக உடம்புக்குள் போவதற்கு. துப்புகிற மருந்துக்கு அது பொருந்தாது.

இரண்டாம் மூன்றாம் நாள் கருஞ்சிவப்பாக, ஜெல்லி மாதிரி ஒரு கட்டி குழிக்குமேல் எழும்பி அதன் ஓரத்தில் கசிந்தால், மேலே பஞ்சு வைத்து அமுக்கிப் பிரயோஜனம் இல்லை. பாடப்புத்தகத்தில் அதற்கு லிவர் கிளாட் என்று பெயர், நிறம் ஈரல் துண்டு போல இருப்பதால். கல்லீரல் நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, யாருக்கும் வரும். மரப்பு கொடுத்து அந்தக் கட்டியை முழுக்க வழித்தெடுத்து, குழியைக் கழுவி, புதிதாக ஸ்பாஞ்ச் வைத்துத் தைக்க வேண்டும்.

#10 மாத்திரைமணி (மருந்தியல்)

ஏற்றுவதற்கு மாற்றாக மாத்திரை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பல்லுக்குத் தேவை என்று சொல்லவில்லை, பெரிய வேலைகளுக்குப் பயன்படும்.

அவட்ரோம்போபாக், லூசுட்ரோம்போபாக் இரண்டும் திரோம்போபொயட்டின் ஏற்பியைத் தூண்டுபவை. இரண்டுக்கும் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி, லூசுட்ரோம்போபாக் ஜப்பானில் 2015-லேயே வந்துவிட்டது. நாள்பட்ட கல்லீரல் நோயில், திட்டமிட்ட சிகிச்சைக்கு முன் 50,000-க்குக் கீழ் இருப்பவர்களுக்கென்றே வந்தவை. அவட்ரோம்போபாக் 20 மி.கி. மாத்திரை: 40,000-க்குக் கீழ் என்றால் தினம் 3, 40,000-லிருந்து 50,000-க்குள் என்றால் தினம் 2. ஐந்து நாள், உணவோடு. லூசுட்ரோம்போபாக் 3 மி.கி. தினம் ஒன்று, 7 நாள், கடைசி மாத்திரைக்குப் பின் 2 முதல் 8 நாளுக்குள் வேலை.

தேதிக் கணக்கில்தான் தவறு நடக்கும். அவட்ரோம்போபாக் சீட்டில் "10-13 நாள் முன் தொடங்கவும், கடைசி மாத்திரைக்குப் பின் 5-8 நாளில் செய்யவும்" என்று இருக்கும். வேலை 25-ஆம் தேதி என்று வையுங்கள். 13 நாள் முன் என்று 12-ஆம் தேதி தொடங்கினால் கடைசி மாத்திரை 16, வேலைக்கு 9 நாள் ஆகிவிடும். இரண்டு நிபந்தனையும் பொருந்த 13, 14, 15 இந்த மூன்றில் ஒரு நாள் தொடங்குங்கள். எண்ணிக்கை ஏறி, உச்சம் தொட்டு, தானாக இறங்கிவிடும். உச்சத்தில் வேலை முடியணும். முந்தின நாள் ஒரு எண்ணிக்கை எடுப்பது கட்டாயம். வேலை தள்ளிப்போனால் மறுபடி உடனே இன்னொரு கோர்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

அதே வகை மருந்தான எல்ட்ரோம்போபாக் வேறு கதை. எலிவேட் ஆய்வில் 75 மி.கி. 14 நாள் கொடுத்தபோது ஏற்ற வேண்டிய தேவை நன்றாகவே குறைந்தது, 72 சதவீதம் பேர் தப்பித்தார்கள். ஆனால் போர்ட்டல் சிரையில் உறைகட்டி வந்ததால் ஆய்வையே நிறுத்தினார்கள். கடையில் அதுதான் இருக்கிறது என்று மாற்றிக் கொடுப்பது ஆபத்து. எந்த மருந்தாக இருந்தாலும் முதலில் டாப்ளர் ஸ்கேனில் போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையை நார்மலாக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் கொடுப்பதற்கு இவை இல்லை. சீட்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

#11 கேள்விக்குறி_ராணி

பப்பாளி இலைச் சாறு? வார்டில் தினமும் கேட்கிறார்கள். கீழாநெல்லியும்.

#12 ஈரல்வார்டு

பப்பாளி இலை பற்றி நடந்த சோதனைகள் பெரும்பாலும் டெங்குவில்தான். டெங்குவில் எண் எப்படியும் ஒரு வாரத்தில் தானாக ஏறும், பெயர் இலைக்குப் போகும். மண்ணீரலில் தேங்கிக் கிடக்கும் பிளேட்லெட்டை இலைச்சாறு எப்படி வெளியே கொண்டுவரும்?

கீழாநெல்லிக்கு நம் ஊர்த் தொடர்பு பெரிது. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பர்க்கோடு சேர்ந்து லான்செட்டில் எழுதினார்கள், வைரஸ் மறைகிறது என்று. பிற்பாடு வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் பி-க்கு இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் இருக்கின்றன, அவற்றை நிறுத்திவிட்டு இலைக்குப் போகிறவர்தான் மஞ்சளாக வந்து சேருகிறார். சீந்தில் கொடியோ சில பேருக்குக் கல்லீரலையே தாக்குகிறது, கொரோனா காலத்துக்குப்பின் இந்தியக் கல்லீரல் மருத்துவர்கள் இதை ஆய்விதழ்களில் பதிந்திருக்கிறார்கள். ஏற்கெனவே சிரோசிஸ் இருப்பவருக்கு அந்த அடி தாங்காது.

#13 ஸ்லைடுகாரன்

ஒரு குறுக்கீடு. பிளேட்லெட்டை ஆபத்து என்று மட்டும் பேசுகிறோம், அது ஒரு அளவுகோலும்கூட. கல்லீரல் தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கு (ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ரத்தத்தில் அளக்கும் கல்லீரல் நொதிகள்): வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, பிளேட்லெட்டையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 1.3-க்குக் கீழ் நிம்மதி (65 வயதைத் தாண்டியவருக்கு 2.0), 2.67-க்கு மேல் தீவிரத் தழும்பு.

இங்கே அலகில் சறுக்குகிறார்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் போட வேண்டும். நம் லேப் ரிப்போர்ட்டில் 0.48 லட்சம் என்று இருக்கும், இன்னொன்றில் 48,000 என்று இருக்கும். மேலே சொன்ன ஆளுக்கு ஏஎஸ்டி 60, ஏஎல்டி 40 என்று வையுங்கள். 48 என்று போட்டால் 10.3. 0.48 என்று போட்டால் ஆயிரத்தைத் தாண்டும், யாரும் நம்ப மாட்டார்கள், பிழைத்தோம். 48,000 என்று போட்டால் 0.01 வரும். "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். கொடுமை அதுதான்.

#14 ஈரல்வார்டு

அருமை. இதே எண்தான் எண்டோஸ்கோபி தேவையா என்பதையும் சொல்கிறது. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழ், பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேல் என்றால் வேரிசஸ் தேடும் எண்டோஸ்கோபியைத் தள்ளிவைக்கலாம், போர்ட்டல் அழுத்தம் பற்றிய 2015 பவேனோ நிபுணர் கூட்டத்தின் முடிவு. 15-க்குள்ளும் 1.5 லட்சத்துக்குக் குறையாமலும் இருந்தால் பெரிய போர்ட்டல் அழுத்தமே இல்லை என்று அடுத்த கூட்டம் சொன்னது. 25-ம் அதற்கு மேலும் என்றால் அழுத்தம் உண்டு.

48,000 உள்ள ஆளுக்குக் கேட்க வேண்டியது "எப்போது ஏற்றுவது" அல்ல, "எண்டோஸ்கோபி ஆயிற்றா, போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் தொடங்கியாயிற்றா" என்பது. 6.25 மி.கி.யில் தொடங்கி 12.5 வரை, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழ் போகாமல். உயிரைக் காப்பது அந்த மாத்திரைதான்.

வயிற்றில் நீர் எடுக்க பிளேட்லெட் ஏற்றிவிட்டு வரச்சொல்வதும் தேவையில்லாத வேலை. 19,000 இருந்தவர்களுக்கும் ஏற்றாமல் எடுத்துப் பிரச்சினை வராத தொடர் ஆய்வு 2004-லேயே வந்துவிட்டது. ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 6-8 கிராம் ஆல்புமின், அதை மறக்காமல் இருந்தால் போதும்.

#15 இரவுப்பணி

எண் திடீரென்று பாதியானால்? 62,000-இல் வருடக்கணக்காக இருந்தவர் ஒரே வாரத்தில் 24,000 என்று வருகிறார்.

#16 ஈரல்வார்டு

அது மண்ணீரல் வேலை இல்லை, மண்ணீரல் மெதுவாகத்தான் இறக்கும். முதலில் கிருமித்தொற்று: வயிற்று நீரில் ஊசி வைத்து அணு எண்ணிக்கை பாருங்கள், ரத்தக் கல்ச்சர் எடுங்கள். மழைக்காலம் என்றால் டெங்கு. அடுத்து மருந்து: பத்து நாளைத் தாண்டிய லினசோலிட் (ஆன்டிபயாட்டிக்), ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி). போர்ட்டல் சிரை புதிதாக அடைத்திருக்கிறதா என்று டாப்ளர். மதுவை மறுபடி தொட்டாரா என்பது கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி. டெங்குவில் சிரோசிஸ்காரரை அவருடைய பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், 1.5 லட்சத்தோடு அல்ல. கடைசி மூன்று எண்ணிக்கையை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கச் சொல்லுங்கள், அவசரப் பிரிவில் அது பாதி வேலையை முடிக்கும்.

மண்ணீரலை எடுத்துவிட்டால் எண் ஏறிவிடுமே என்று யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே பதில்: ஏறும். போர்ட்டல் சிரையில் உறைகட்டியும் வரும், வாழ்நாள் முழுக்க நிமோகாக்கஸ் கிருமிப் பயமும் வரும். எண்ணை அழகாக்க மண்ணீரலை எடுப்பது சரியான வேலை அல்ல.

#17 பல்வரிசை

சரி, இந்த ஆளுக்கு என் திட்டம்: ஸ்மியர் பார்த்து எண்ணை உறுதிசெய்வது, ஃபைப்ரினோஜன் ஒன்று, ஏற்றாமல் செவ்வாய் காலை, ஆர்ட்டிகெய்ன், ஸ்பாஞ்ச், தையல், கொப்பளிப்பு. சீழுக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 5 நாள், வலிக்கு வழக்கமான அசிக்ளோஃபெனாக்-பாராசிட்டமால் கூட்டு மாத்திரை.

#18 மாத்திரைமணி

கடைசி இரண்டையும் அடியுங்கள் டாக்டர்.

கிளாவுலனேட் கல்லீரலில் பித்தம் தேங்கும் பாதிப்பைக் கொடுக்கும் மருந்துகளில் முதல் வரிசை. தனி அமாக்சிசிலின் 500 மி.கி. மூன்று வேளை போதும். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எதுவும் கூடாது. இருக்கிற கொஞ்சப் பிளேட்லெட்டையும் வேலை செய்யவிடாது, சிறுநீரகத்தைச் சாய்க்கும், வேரிசஸ் கசியும். கல்லீரல் நோய் என்றதும் பாராசிட்டமாலைத்தான் எல்லாரும் பயந்து தள்ளுவார்கள், உண்மையில் இவருக்குப் பாதுகாப்பானது அதுதான், நாளுக்கு 2 கிராமுக்குள். 650 மாத்திரை மூன்று வேளை என்றால் 1,950 மி.கி. அதற்கு மேல் ஒரு மாத்திரைகூட இடமில்லை, எனவே சளி மாத்திரை எதுவும் சேர்த்துச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அவற்றில் பாதிக்கு உள்ளேயும் பாராசிட்டமால்தான்.

#19 தாடைத்தையல்

செவ்வாய் வேண்டாம், திங்கள். புதன் வியாழனில் அந்த ஜெல்லிக் கட்டி வந்தாலும் வாரம் முடியுமுன் மறுதையல் போட நாள் இருக்கும்.